காயில் எரிந்த மோட்டார்: திரும்பக் கட்டுவதா, புதிது வாங்குவதா?

கிணற்று மோட்டாரோ போர் மோட்டாரோ உறுமிவிட்டு நின்றுபோய், பார்க்க வந்தவர் ‘காயில் போயிட்டு’, அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது, என்று சொன்ன மாத்திரத்தில், திருநெல்வேலிப் பக்கத்து விவசாயி இரண்டு தொகைகளை விசாரிக்கத் தொடங்குகிறார்: கம்பியும் கூலியும் சேர்த்துக் காயில் கட்ட எவ்வளவு, புது மோட்டாருக்கு எவ்வளவு. முதல் தொகை இரண்டாவதில் பாதிக்குக் கீழே நின்றால் கட்டிவிடலாம், பாதியைத் தாண்டினால் புதிது வாங்கிவிடலாம் என்பது கடைத்தெருவில் புழங்கும் கணக்கு. அது மோசமான கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மோட்டாரை வெளியே எடுக்கும் செலவு, அது எரிந்த காரணம், மின்கட்டணத்தைச் செலுத்துபவர் யார் என்பது, உள்ளே இருக்கும் இரும்பின் நிலை ஆகிய நான்கும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அதனால்தான் ஒரே கடையில் ஒரே கூலிக்குக் கட்டிய இரண்டு மோட்டார்களில் ஒன்று பல வருஷம் ஓட, மற்றொன்று அடுத்த கோடையிலேயே மறுபடியும் அதே கடை வாசலில் வந்து இறங்குகிறது.

முதலில், காயில் உண்மையிலேயே போய்விட்டதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கன்டன்சர் செத்துப்போன ஒரு பேஸ் மோட்டாரும், பேரிங் இறுகிய, பம்பும் மோட்டாரும் ஒரே உடலான மோனோபிளாக்கும், கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கிய போர் மோட்டாரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே உறுமும், சூடேறும், பியூஸைப் போக்கும். மெகர் என்ற காப்புச் சோதனைக் கருவியை வைத்துக் கம்பிக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள காப்புத் தடையைப் பார்ப்பதும், மூன்று பேஸ் என்றால் இரண்டிரண்டு முனைகளாக மூன்று முறை தடையை அளந்து மூன்றும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் கால் மணி நேர வேலை. போர் மோட்டாரில் இந்தச் சோதனையைக் கேபிளின் மேல்முனையிலேயே செய்துவிடலாம். ஆனால் மேலே தெரியும் பழுது ஜாயின்ட்டுடையதா காயிலுடையதா என்பது ஜாயின்ட்டைப் பிரித்து மோட்டாரைத் தனியாக மெகர் பார்த்தால்தான் தீரும். கடைக்குத் தூக்கிச் செல்வதற்கு முன்பே அதைச் செய்யச் சொல்லிக் கேட்பது நியாயமானது.

காயில் போனது உறுதியாகிவிட்டால், மூடியைக் கழற்றியவுடன் தெரியும் கருகலின் வடிவத்தைத்தான் நான் விலைப்பட்டியலுக்கு முன்னால் வைப்பேன். மோட்டாரில் காயிலைத் தாங்கும் சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் காயில் தலைகளில் எந்தத் தொகுதி கருத்திருக்கிறது, எது புதிதுபோல் இருக்கிறது என்பது எரிந்த கதையை ஏறக்குறைய முழுவதும் சொல்லிவிடும். பழகிய வைண்டிங்காரர் ஒருவர் ஸ்டேட்டரைத் திருப்பிக் காட்டி, “அண்ணாச்சி, ரெண்டு பேஸ் தீஞ்சிருக்கு, ஒண்ணு அப்படியே இருக்கு பாருங்க, லைன்ல ஒரு பேஸ் இல்லாம ஓடியிருக்கு” என்று சொன்னால் அது ஊகமில்லை. மூன்று பேஸ் காயில்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்த ஸ்டார் இணைப்பில் கட்டிய மோட்டாரில் ஒரு பேஸ் வராமல் போனால் மீதி இரண்டு பேஸ் காயில்களும் சுமையைத் தாங்கிக் கருகும், மூன்றாவது சுத்தமாக இருக்கும். அவற்றை முக்கோணமாகச் சேர்த்த டெல்டா இணைப்பில் இதற்கு நேர்மாறாக ஒரு பேஸ் மட்டும் கருகி மற்ற இரண்டும் தப்பித்திருக்கும். எல்லாத் தலைகளும் ஒரே சீராகப் பழுப்பேறி நொறுங்கினால், அது அதிகச் சுமையோ, குறைந்த மின்னழுத்தமோ, குளிர்விக்கத் தண்ணீர் இல்லாத ஓட்டமோ செய்த வேலை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கரும்புள்ளியாக வெடித்துக் கம்பி உருகியிருந்தால், இரண்டு சுற்றுகளுக்கு இடையே காப்பு அறுந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. இது பெரும்பாலும் கம்பியின் அல்லது கட்டிய கையின் குறை.

இந்த மூன்றில் முதலிரண்டும் வெளிக்காரணங்கள். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் இருமுனையில் கன்டன்சர் வைத்து ஓட்டுகிற தோட்டத்திலும், டிரான்ஸ்பார்மரிலிருந்து நெடுந்தொலைவு வந்த லைனின் கடைசிக் கம்பத்துக்காரர் தோட்டத்திலும், சுமை மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஸ்டார்ட்டர் ரிலேயை, அடிக்கடி டிரிப் ஆகிறது என்பதற்காக, உச்சத்தில் திருகி வைத்திருக்கும் தோட்டத்திலும், எந்த மோட்டாரை இறக்கினாலும் அதற்கு அதே கதிதான். காரணம் சரிசெய்யப்படாத இடத்தில் புது மோட்டாரை இறக்குவது இருப்பவற்றில் அதிகச் செலவுள்ள தவறு. போதாக்குறைக்கு, குறைந்த மின்னழுத்தத்தாலோ வறட்டு ஓட்டத்தாலோ எரிந்த மோட்டாருக்கு வாரண்டி செல்லாது என்பது கம்பெனிகள் பொதுவாக வைக்கும் நிபந்தனை. அப்படிப்பட்ட தோட்டத்தில் காயிலைக் கட்டி, மிச்சமாகும் பணத்தில், ஒரு பேஸ் வராவிட்டால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் கருவியும் வாங்கிப் பொருத்தி, ரிலேயை மோட்டார் பலகையில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு இறக்கி வைப்பதே முதல் தேர்வாக இருக்க வேண்டும். 5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார் 415 வோல்ட்டில் முழுச் சுமையில் ஏறக்குறைய ஏழரை ஆம்பியர் இழுக்கும், தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் என்றால் சற்றே கூடுதலாக இழுக்கும்; ரிலே அதற்கு வெகு மேலே நிற்கிறது என்றால் அது பாதுகாப்புக்கு இருந்தும் இல்லாத கணக்கு.

அடுத்த கேள்வி ஆழம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் வாய்க்கால் பாசனத்துக்குத் துணையாகக் கிணற்று மேட்டில் வைத்திருக்கும் மோனோபிளாக்கை நான்கு போல்ட்டைக் கழற்றி இருசக்கர வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போய்விடலாம். கட்டிய காயில் ஒரு வருஷத்தில் போனாலும் இழப்பு கூலியோடு நிற்கும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் காட்டில் பல நூறு அடிக்குக் கீழே தொங்கும் போர் மோட்டாரின் நிலை வேறு. அதை வெளியே எடுக்க முக்காலியும் செயின் பிளாக்கும் நாலைந்து ஆட்களும் வேண்டும். இரும்புக் குழாய் என்றால் ஒவ்வொரு நீளமாகக் கழற்ற வேண்டும். எடுக்கும்போது கேபிள் அடிபடலாம், பழைய குழாயின் மரை அறுந்து மோட்டார் போருக்குள்ளேயே விழுந்துவிடவும் வாய்ப்பு உண்டு. மோட்டாரின் விலை எவ்வளவாக இருந்தாலும், ஒவ்வொரு முறை எரியும்போதும் எடுப்பதற்கும் இறக்குவதற்குமான கூலி அதன்மேல் ஏறிக்கொண்டே போகும் என்பதால், ஆழமான போருக்குக் கட்டும் கூலி குறைவதைவிட நம்பகமே பெரிது. கட்டுவது பாதி விலைக்கு மிகவும் கீழே இருந்தால் மட்டுமே அங்கு கட்டலாம் என்பேன். உப்புத் தண்ணீர் ஏறிய போர்களில் மோட்டாரின் மேலோடு, சீல், புஷ் எல்லாமே தேய்ந்திருக்கும் என்பதால், காயில் மட்டும் புதிதானால் போதாது.

மின்கட்டணம் என்ற மூன்றாவது கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு விசித்திரமான பதில் இருக்கிறது. இலவச மின்சார இணைப்புள்ள விவசாய மோட்டாருக்குத் திறன், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் வேலையாக மாறும் பங்கு, குறைந்தால் விவசாயியின் பையிலிருந்து ஒரு பைசாவும் போகாது. மாவு மில்லுக்கும் எண்ணெய்ச் செக்குக்கும் ஒவ்வொரு விழுக்காடும் பில்லில் தெரியும். 5 எச்.பி. என்பது 3.73 கிலோவாட். மோட்டாரின் திறன் 85 விழுக்காடாக இருந்தால் அது 4.39 கிலோவாட் இழுக்கும், மோசமாகக் கட்டி 80 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டால் 4.66 இழுக்கும். நாளுக்கு ஆறு மணி நேரம் வீதம் 300 நாள் ஓடும் மில்லில் இந்த வித்தியாசம் வருஷத்துக்குச் சுமார் 490 யூனிட் ஆகிறது. யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 3,400 ரூபாய்க்கு மேல் வரும், அதுவும் ஒவ்வொரு வருஷமும். ஆகவே ஒரே மோட்டாருக்கு, மில்காரரின் சரியான முடிவும் தோட்டக்காரரின் சரியான முடிவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பொதுக் கஜானாவிலிருந்து போகும் மின்சாரம் யாருக்கும் வலிக்காது என்ற நிலை நல்லதா என்பது வேறு விவாதம். தோட்டக்காரரும் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வீணாகும் மின்சாரம் மோட்டாருக்குள்தான் சூடாகிறது, காப்பின் வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் விதி.

திரும்பக் கட்டினால் திறன் குறைந்தே தீரும் என்பது பரவலாக நம்பப்படுகிறது. அது முழு உண்மையன்று. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட மின்கருவிச் சேவையாளர் சங்கமும் பிரிட்டனின் சங்கமும் சேர்ந்து நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், முறைப்படி கட்டிய மோட்டார்களின் திறன் கட்டுவதற்கு முன்பிருந்த அளவிலிருந்து கிட்டத்தட்ட மாறவேயில்லை என்று கண்டார்கள். அந்த ‘முறைப்படி’ என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது, அதனால் கடையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

பழைய காயிலை எடுப்பது முதல் கண்டம். ஒரு பக்கத்துக் காயில் தலையை உளியால் வெட்டிவிட்டு, வார்னிஷ் இளகுவதற்காகச் சூடேற்றி, மறுபக்கத்திலிருந்து கம்பியை இழுப்பார்கள். அடுப்பில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி, 360, 370 பாகையைத் தாண்டாமல் செய்தால் ஒன்றும் ஆகாது. அவசரத்தில் கேஸ் டார்ச்சை ஒரே இடத்தில் காட்டினாலோ விறகைப் போட்டுக் கொளுத்தினாலோ, ஸ்டேட்டரிலுள்ள மெல்லிய இரும்புத் தகடுகளுக்கு இடையேயான காப்புப் பூச்சு எரிந்து தகடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அதன்பின் அந்த இரும்பு சுமையில்லாமல் ஓடினாலே சூடாகும், எவ்வளவு நல்ல செம்பைக் கட்டினாலும் பயனில்லை. தகடுகளின் பல் ஓரங்கள் நீலம் பாரித்திருந்தால் அங்கே தீ மீறிப்போயிருக்கிறது என்று அறியலாம். ஏற்கனவே இரண்டு மூன்று முறை கட்டிய மோட்டாரை நான்காவது முறை கட்ட வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இரண்டாவது கண்டம் கணக்கு. எந்த வைண்டிங் கடையிலும் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு இருக்கும். மோட்டாரின் பெயர், எச்.பி., கம்பி இறங்கும் பள்ளமான ஸ்லாட் எத்தனை, ஒரு காயிலுக்குச் சுற்று எத்தனை, கம்பி என்ன கேஜ் (தடிமன்), எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குத் தாவுகிறது என்பதெல்லாம் அதில் பென்சிலில் எழுதியிருக்கும். கம்பெனியில் கட்டிய காயிலைப் பிரித்து எண்ணி எழுதிய கணக்கு நம்பத்தக்கது. முன்பு யாரோ கையிலிருந்த கேஜில், நினைவிலிருந்த எண்ணிக்கையில் கட்டிய காயிலை எண்ணி அதையே மறுபடி கட்டினால் பழைய பிழை புதிய கம்பியில் தொடரும். சுற்று குறைந்தால் இரும்பில் காந்தப்புலம் கூடி வெறும் ஓட்டத்திலேயே ஆம்பியர் ஏறும்; சுற்று கூடினால் இழுவை குறைந்து சுமையில் திணறும். கட்டி முடித்தவுடன் பம்பைச் சேர்க்காமல் ஓடவிட்டு, மூன்று பேஸிலும் ஆம்பியர் சமமாக இருக்கிறதா என்று க்ளாம்ப் மீட்டர் வைத்துக் காட்டச் சொன்னால், நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

மூன்றாவது, கம்பி. செம்பில் கட்டுவதா அலுமினியத்தில் கட்டுவதா என்று கேட்டு விலையைக் குறைத்துச் சொல்லும் கடைகள் இருக்கின்றன. சொல்லாமலே அலுமினியத்தைக் கட்டுபவர்களும் இல்லாமலில்லை. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் ஏறக்குறைய 61 விழுக்காடு என்பதால், அதே தடைக்குக் கம்பியின் குறுக்குப் பரப்பு 1.6 மடங்கு வேண்டும். செம்புக்கென்று வெட்டிய ஸ்லாட்டில் அவ்வளவு தடிமனான கம்பி நுழையாது, எனவே சன்னமான கம்பியைப் போட்டுச் சமாளிப்பார்கள், சமாளித்ததன் விலை சூடாக வெளிவரும். அதே கேஜில் கட்டிவிட்டால் ஸ்டேட்டர் கம்பியில் வீணாகும் சக்தி 60 விழுக்காட்டுக்கு மேல் கூடும். முனைகளைச் சேர்க்கும் இடத்தில் அலுமினியத்தின்மேல் படியும் ஆக்சைடு தோல் இன்னொரு தொல்லை. அலுமினியத்துக்கே வடிவமைத்த, ஸ்லாட் பெரிதாக உள்ள மோட்டார்கள் கம்பெனியிலிருந்தே வருகின்றன, அவற்றின்மேல் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. செம்பு மோட்டாரில் அலுமினியம் கட்டுவதை மட்டும் எந்த விலைக்கும் ஒத்துக்கொள்ளக் கூடாது. எனாமல் பூச்சின் நிறம் ஏமாற்றும் என்பதால், கம்பியைக் கத்தியால் நறுக்கி வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் மேலே செம்பு முலாம் இருந்தாலும் அது அலுமினியம்தான். கடையில் இறக்கும்போது எடுத்த பழைய செம்பையும் ஏற்றிய புதுச் செம்பையும் நிறுத்து எழுதச் சொல்வது இன்னொரு காவல்; பழைய செம்பு உங்களுடையது, அதன் விலையைக் கூலியில் கழித்திருக்கிறார்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

திரும்பக் கட்டுவதற்குச் சாதகமான, பலரும் எண்ணிப் பார்க்காத ஒரு விஷயமும் உண்டு. வெப்பம் தாங்கும் அளவைக் கொண்டு காப்புகளை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: பி வகுப்பு 130 பாகை, எஃப் வகுப்பு 155 பாகை வரை. பி வகுப்பில் வந்த மோனோபிளாக்கை எஃப் வகுப்புக் கம்பியிலும் ஸ்லாட் காகிதத்திலும் கட்டினால், முன்பைவிடக் கூடுதலாகத் தாங்கும் மோட்டார் கிடைக்கும். ஆனால் வார்னிஷை முறையாக முக்கியெடுத்து நூறு பாகைக்கு மேல் அடுப்பில் சுட வேண்டும். பாளையங்கோட்டை வெயிலே போதும் என்று தூரிகையால் தடவி வாசலில் காயவைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே பிசுபிசுவென்றிருக்கும். அந்தக் காயில் ஓடும்போது அதிர்ந்து உரசும். தண்ணீர் நிரம்பிய சப்மெர்சிபிளுக்கு இந்தப் பேச்சே வேண்டாம், அதில் பாலி வயர் எனப்படும் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பிதான், அதை ஸ்லாட்டுக்குள் ஊசிபோல் கோத்துக் கோத்து இழுக்கும்போது உறை கீறிவிடாமல் பார்ப்பதே அங்கு கைத்திறன்.

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றும் அரை எச்.பி., ஒரு எச்.பி. ஒரு பேஸ் மோட்டார்களில் ஸ்டார்ட்டிங் காயில், ரன்னிங் காயில் என இரண்டு உண்டு. பல நேரங்களில் ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கருகியிருக்கும். அதை மட்டும் கட்டித் தருகிறோம் என்பார்கள். நாளுக்கு அரை மணி நேரம் ஓடும் வீட்டு மோட்டாருக்கு அது போதும். இந்த அளவு மோட்டார்களில் இரண்டையும் சேர்த்துக் கட்டும் தொகை புது மோட்டாரை வெகுவாக நெருங்கிவிடுவதால், அரைகுறையாகக் கட்டுவதா புதிது வாங்குவதா என்பதுதான் இங்கே உண்மையான போட்டி.

புது மோட்டாரின் பக்கம் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேரிங், சீல், ஷாஃப்ட், பம்பின் சக்கரம் என அனைத்தும் ஒரே சமயத்தில் புதிதாகின்றன, வாரண்டி இருக்கிறது, கோயம்புத்தூரில் செய்த மோட்டார்களுக்கு உதிரிபாகம் நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நட்சத்திரக் குறியும் பார்த்து வாங்கினால் திறன் குறித்த ஓர் உறுதியும் உண்டு. சிறு, குறு விவசாயிகள் பழைய பம்ப்செட்டை மாற்றுவதற்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியமும் பெறலாம், ஆனால் காயில் எரிந்த அன்று விண்ணப்பித்து மறுநாள் தண்ணீர் பாய்ச்ச முடியாது. 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் சூரிய பம்ப்செட்டுகளுக்கும் இதுவே பொருந்தும். அது ஓய்வாக இருக்கும்போது எடுக்க வேண்டிய முடிவு. புதியவற்றின் குறை எடையில் இருக்கிறது. விலையைக் குறைப்பதற்காக இரும்பையும் செம்பையும் ஒட்ட ஒட்டப் போட்டுச் செய்த சில மலிவு மோட்டார்கள், ஒரே எச்.பி. எழுதிய பழைய வார்ப்பிரும்பு மோட்டாரைவிடக் கையில் எடுத்தாலே இலேசாக இருக்கும். இருபது வருஷத்துக்கு முந்தைய கனமான மோட்டார் முதல்முறையாக எரிந்திருந்தால் அதைக் கழித்துவிட்டு மலிவு மோட்டார் வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

சீலிங் ஃபேனில் இவ்வளவு யோசனை தேவையில்லை. சாதாரண ஃபேன் 70 முதல் 80 வாட் வரை இழுக்கும், மின்னணுப் போர்டு வைத்து ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 16 யூனிட் மிச்சம், இரண்டு மாதப் பில்லில் 32 யூனிட். இலவச யூனிட் எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் வீட்டுக்கு அது கண்கூடாகத் தெரியும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறி கட்டாயமாகிவிட்டதால் ஒப்பிட்டு வாங்குவதும் எளிது. எரிந்த ஃபேனுக்குக் காயில் கட்டுவது, இடி மின்னல் காலத்தில் போர்டு போய்விடுமோ என்று அஞ்சுபவர்களுக்கு மட்டுமே ஏற்றது, அந்த அச்சமும் காரணமற்றதன்று.

களக்காட்டு வாழைக்காரருக்கு மேற்சொன்ன எந்தக் கணக்கையும்விட நாள்தான் பெரிது. தார் தள்ளிய வாழை கோடையில் ஒரு வாரம் தண்ணீரில்லாமல் நின்றால் தாரின் எடையில் போகும் பணம், காயில் கூலியையும் மோட்டார் விலையையும் பார்த்துச் சிரிக்கும். பிசான நெல் சாகுபடிக்கு அணைத் தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டிருக்கும் மாதங்களில் எரிந்தால் நிதானமாகக் கட்டலாம். மார்ச்சிலோ ஏப்ரலிலோ எரிந்தால், அன்றே புதிதை வாங்கி இறக்கிவிட்டு, எரிந்ததை அவசரமில்லாமல் செம்பில் நன்றாகக் கட்டி மாற்று மோட்டாராகக் கொட்டகையில் வைத்துக்கொள்வதே பெருந்தோட்டக்காரர்களுக்கு நான் சொல்லும் வழி. அப்படி வைப்பது தண்ணீர் நிரம்பிய சப்மெர்சிபிள் என்றால், மாதம் ஒருமுறை ஷாஃப்டைக் கையால் சுற்றிவிட வேண்டும். சும்மா கிடந்தால் புஷ்ஷில் பிடித்துக்கொண்டு, தேவைப்படும் நாளில் சுற்றாமல் நின்று, புதிதாகக் கட்டிய காயிலையே எரித்துவிடும்.